இடது மிதவை

பிலவேந்திரன் அப்பு
கீழ்த்தாடைப் பல்செட்டுக்கு மூவாயிரத்தைந்நூறு பாக்கி.
ஈடாக வைத்துவிட்டுப் போனது ஓர் அட்டைப் பெட்டி.
"தொரைமாரு இல்ல மிஸ், டூரிஸ்ட்டு.
ஜெர்மன்காரரு. மூணு நாளு மூடுபனி,
பங்களா ஜன்னலோரம் குந்தி ஒட்டிக்கிட்டே இருந்தாரு.
நாலாம் நாளு வெயில் வந்திச்சு.
அப்பிடியே விட்டுட்டுப் போயிட்டாரு."

மூடியில் சாம்பல் கடல்.
அதன்மேல் இரண்டடுக்குச் சிறகோடு ஒரு விமானம்,
சக்கரங்களின் இடத்தில் இரண்டு ஓடங்கள்,
சிறகில் கறுப்புச் சிலுவை.
உள்ளே, எழுபத்திரண்டில் ஒரு பங்கு யுத்தம்:
பாதி ஒட்டியது,
பாதி இன்னும் பிளாஸ்டிக் சட்டத்தில்
அவரைக்காய் போலத் தொங்குவது.

நான் ஹட்டனில் பல் கட்டுகிறவள்.
டன்பார் வீதியில் மாடிப்படிக்குக் கீழே பட்டறை.
அடுத்தவர் வாய்க்கு மில்லிமீற்றர் கணக்குப் பார்த்தே
பதினாறு வருஷம்.
கடைவாய்ப் பல்லளவு எஞ்சின்
என்னைப் பயமுறுத்தவில்லை.

கரண்ட் இல்லாத மாதம் அது.
சட்டத்தில் மிச்சமான துண்டை மெழுகுவர்த்தியில் காட்டி
இளகும் கணத்தில் இழுத்தால்
தலைமயிரைவிட மெல்லிசாய் ஒரு கம்பி நீளும்.
சிறகுக்கும் சிறகுக்கும் இடையே கட்ட அது போதும்.
முப்பது கட்டினேன். பதினொன்று அறுந்தது.
கீழே ரோட்டில் மண்ணெண்ணெய் வரிசை
விடியுமட்டும் ஒரு கடையளவு நகர்ந்தது.

விளக்கத்தாள் முழுக்க ஜெர்மன்.
இலக்கங்களின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்,
பதினேழோடு பதினெட்டு,
இருபத்திரண்டின்மேல் இருபத்திமூன்று.
கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பத்தி,
கூட்ஸ் ரயில் போல நீளநீளமாய்ச் சொற்கள்.
அவற்றின் நடுவே சட்டென்று
என்னால் வாசிக்க முடிந்த ஒரே சொல்:
கொழும்பு.
பக்கத்தில் 1917.

கொழும்பில் இதற்கு என்ன வேலை?
வந்ததா, வராமலே போனதா,
வேறெதையோ இறக்க வந்த கப்பலின் வயிற்றுக்குள்
சிறகைக் கழற்றிப் படுத்துக் கிடந்ததா?
பத்தி சொல்லிக்கொண்டுதான் இருந்தது.
எனக்குத்தான் கேட்கவில்லை.

இலக்கம் முப்பத்தொன்று, இடது மிதவை,
இல்லை.
பெட்டியைக் கவிழ்த்தேன். மேசைக்கடியில் தடவினேன்.
அப்புவுக்குப் போன் போட்டேன்.
"பங்களா நாய் கடிச்சிருக்கும் மிஸ்."

வாயில்தான் வலதும் இடதும் ஒன்றாயிராது.
விமானத்தில் அப்படியில்லை.
வலது மிதவையை அச்செடுத்து,
சாந்து ஊற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றி,
ஈறு செய்கிற பொடியைக் குழைத்து அமுக்கி
கொதிநீரில் வைத்தேன்.
பிறந்தது
ஈறின் இளஞ்சிவப்பில் ஓர் ஓடம்.
சாம்பல் பெயின்ட் புட்டி
எப்போதோ கல்லாகியிருந்தது.

பேசினில் விட்டேன். இடப்பக்கம் சரிந்தது.
பிளந்து, உள்ளே குடைந்து, திரும்ப ஒட்டினேன்.
இரண்டாம் தரம் நின்றது,
கொஞ்சம் தலை சாய்த்து,
பாஷை தெரியாத ஊரில் விலாசம் கேட்கிறவன் மாதிரி.

தண்ணீரில் ஊறித் தாளைவிட்டுக் கழன்று வந்தன சிலுவைகள்.
ஒன்று நடுவே கிழிந்தது.
கிழிந்ததையும் ஒட்டினேன்.
எந்தக் கொடியில் பறந்ததோ
அதை மறைத்துக் கொடுக்க நான் யார்.

சம்பளத்துக்கு மறுநாள் அப்பு வந்தார்.
காசை இரண்டு தரம் எண்ணினார்.
பேசினைப் பார்த்தார்.
"காசல்ரீ தண்ணில வந்து குந்துமே மிஸ், டூரிஸ்ட்டு பிளேனு,
அதோட தாத்தாவா இது?"
சிவப்பு ஓடத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்,
நான் கட்டிய அத்தனை பல்லும் தெரிய,
பற்களுக்குக் கீழே
அதே புட்டி, அதே நிறம்.

"எடுத்துப் போங்க அப்பு, உங்க சாமான்."
"இத வச்சு நான் எங்க பறக்க? பெட்டி போதும்."

படியிறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.
சாம்பல் கடலைத் தலைக்குமேல் பிடித்தபடி
நோர்வூட் பஸ்சுக்கு ஓடினார்.
விளக்கத்தாள் அதற்குள்தான் இருந்தது
என்பது
பஸ் திரும்பிய பிறகு ஞாபகம் வந்தது.